இரு மருந்துச் சீட்டுகள், ஒரே சிறுநீரகம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் பகுதியில் வாழ்வோர் ஒரு நோய்க்குத் திருப்பதிக்கும், மற்றொரு நோய்க்கு வேலூருக்கும் செல்வதுண்டு. ஓர் ஊர் மருத்துவர் எழுதிய சீட்டை மற்றோர் ஊர் மருத்துவர் காணாமலே போகலாம். சில மருந்துகளைப் பொறுத்தவரை இந்த இடைவெளி உயிருக்கே ஆபத்தாக முடியும். அவற்றுள் முக்கியமானது லித்தியம்.

மனநிலை அளவுக்கு மீறி எழுவதும் தாழ்வதுமான இருதுருவக் கோளாற்றுக்கு லித்தியம் பயன்படுவதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றும் அது சிறந்த மருந்தாகவே விளங்குகிறது. ஆயினும் அதன் பாதுகாப்பான எல்லை மிகக் குறுகியது. இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு.

இதனை ஒரு கணக்காக எண்ணிப் பார்க்கலாம். உட்கொள்ளும் மாத்திரை வரவு. சிறுநீரகம் வெளியேற்றுவது செலவு. இரத்தத்தில் எஞ்சுவது இருப்பு. இரத்த அழுத்தத்திற்கும் கால் வீக்கத்திற்கும் தரப்படும் 'நீர் மாத்திரை' உடலிலுள்ள உப்பை வெளியேற்றுகிறது. உப்புக் குறைந்ததும் சிறுநீரகம் அதனைச் சேமிக்க முற்படுகிறது. அப்போது உப்பைப் போன்ற லித்தியத்தையும் சேர்த்தே தக்கவைத்துக்கொள்கிறது. வரவு மாறாமல் செலவு சுருங்குவதால் இருப்பு உயர்கிறது. தயசைடு வகை நீர் மாத்திரைகளில் இந்த ஆபத்து மிகுதி.

இம்மருந்து பல நேரங்களில் வெளிப்படையாகத் தெரிவதில்லை. டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மருந்துடன் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது. டெல்மிசார்டன் வகை மருந்துகளும், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் தனித்தே லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியவை. கோடைகாலத்து மிகுந்த வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, திடீரென உப்பைக் குறைத்தல் ஆகியவையும் அவ்வாறே. அமெரிக்காவில் உப்பைத் தவிர்த்துவந்த இதய நோயாளிகள் சிலர், உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடைப் பயன்படுத்தி உயிரிழந்ததும் அதே 1949ஆம் ஆண்டில்தான்.

கை நடுக்கம் மிகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், நடை தள்ளாடுதல், அளவற்ற உறக்கம், குழப்பம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவை தோன்றினால் அடுத்த வேளை லித்தியத்தை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி ஏதுமில்லாதபோது அச்சத்தால் எம்மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. நின்ற மருந்தால் மனநோய் திரும்பக்கூடும்.

இரு மருந்துகளும் தேவைப்படுவோர் உண்டு. மருத்துவர் அளவைக் குறைத்து, ஒரு வாரத்திற்குள் இரத்தத்தில் லித்தியத்தைச் சோதித்து, தொடர்ந்து கண்காணிப்பார். அதற்கு அவர் முழு விவரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உண்ணும் மாத்திரைகளைத் தயங்காமல் கூறும் நாம், மனநல மாத்திரையை மட்டும் வெட்கத்தால் மறைத்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரே தாளில் எழுதி, எந்த மருத்துவரிடம் சென்றாலும், மருந்துக் கடைக்குச் சென்றாலும் காட்டுவோமாக. மனநல ஆலோசனை தேவைப்படுவோர் அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.