28 நாளில் மூட வேண்டிய குழல்

கருத்தரித்து மூன்று வாரம்கூட ஆகியிராது. தான் கருவுற்றிருப்பது தாய்க்கே தெரியாது. அதற்குள் கருவின் முதுகுப்புறத்தில் தட்டையான ஒரு திசு, இரு ஓரங்களும் எழும்பி, வெற்றிலையைச் சுருட்டியதுபோல் குழலாகத் தொடங்குகிறது. இதுவே நரம்புக் குழல். இதன் மேற்பகுதி மூளையாகவும் எஞ்சியது தண்டுவடமாகவும் வளரும். சுமார் 28 நாட்களுக்குள் இது முழுவதும் மூடிவிட வேண்டும். கீழ்ப்பகுதி மூடாவிட்டால் குழந்தை தண்டுவடக் குறையுடன் பிறக்கும். கால்கள் செயலற்றுப் போகலாம். மேல்முனை மூடாவிட்டாலோ குழந்தை பிழைப்பதில்லை.

ஏன் மூடுவதில்லை? 1965-இல் பிரிட்டனில் ஹிபர்ட், ஸ்மித்தெல்ஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு துப்பு கண்டனர். குறையுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலிக் அமிலப் பற்றாக்குறையின் அடையாளம் மிகுதியாகத் தென்பட்டது. நாம் உண்ணும் கீரைகளில் உள்ள வைட்டமின்தான் இது. (இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகையை லூசி வில்ஸ் என்ற பெண்மணி ஆராய்ந்ததே இவ்வைட்டமினுக்கு வழிகாட்டியது.)

முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு ஸ்மித்தெல்ஸ் குழுவினர், கருவுறுமுன்பே வைட்டமின் மாத்திரைகள் கொடுத்தனர். 1980-இல் வெளியான முடிவு இது: மாத்திரை உண்டவர்களின் 178 குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டுமே குறை, உண்ணாதோரின் 260-இல் 13-க்கு. போதாதா? போதாது என்றனர் விமர்சகர்கள். மாத்திரையை ஏற்றவர்கள் இயல்பிலேயே வேறுபட்டவர்களாக இருந்திருக்கலாமே! நியாயமான கேள்விதான். தாய்மாரைச் சீட்டுக் குலுக்கல்போல் பிரித்துச் சோதித்தால்தான் ஐயம் தீரும்.

அதற்குப் பணம் யார் தருவது? ஃபோலிக் அமிலம் மலிவான பொருள். அதை நிரூபித்து எந்தக் கம்பெனியும் கொழிக்கப் போவதில்லை. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முன்வந்தது. நிக்கலஸ் வால்டு தலைமையில் 1983-இல் தொடங்கிய சோதனையில் 7 நாடுகளில் 33 மையங்களும் 1,817 பெண்களும் பங்குகொண்டனர். யாருக்கு எந்த மாத்திரை என்பது தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எட்டாண்டுகள் காத்திருந்தனர்! 1991-இல் 1,195 கர்ப்பங்களின் முடிவு தெரிந்தபோது, 27 குறைகளில் ஃபோலிக் அமிலம் உண்டோரிடம் 6, உண்ணாதோரிடம் 21. இனியும் சிலருக்கு மறுப்பது தகாதென்று சோதனை அத்துடன் நிறுத்தப்பட்டது.

கர்ப்பம் உறுதியான பின் மாத்திரையைத் தொடங்கினால் அநேகமாகக் குழல் மூடும் காலம் கடந்துவிட்டிருக்கும் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஆகவேதான் கருவுறுமுன்பே நாள்தோறும் 0.4 மில்லிகிராம் உண்ணச் சொல்கிறார்கள். முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு மருத்துவர் கூடுதல் அளவு தருவார். அமெரிக்காவில் 1998 முதல் மாவிலேயே இதைக் கலக்கிறார்கள்.

அந்த 6 குழந்தைகள்? அவர்களின் தாய்மாரும் அதே மாத்திரையை உண்டவர்களே. சுண்டெலிக் கருக்களில், பழுதானால் குழல் மூடாமற்போகும் மரபணுக்கள் 200-க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் எவை மனிதக் கருவிலும் இவ்வாறு தடையாகின்றன என்பதை விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகத் தேடி வருகின்றனர்.