முள் நகராத ரேடியோ

பொன்னேரிக்கு அடுத்த ஆரணியில், அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ரேடியோ இருக்கிறது. விவித பாரதி தொடங்கிய 1957-ல் அவள் மாமனார் வாங்கியதாம். ஒரு நாள் குமிழைத் திருகினால் முள் நகரவில்லை. "உயிர் போய்விட்டது, எடைக்குப் போடு" என்றார் மாமா.

போனது உயிரல்ல, ஒரு நூல்தான்! குமிழின் தண்டில் சுற்றிய அந்த நூலே கண்டென்ஸரின் சக்கரத்தைத் திருப்புகிறது, முள்ளையும் இழுக்கிறது.

சகோதரிகளே, நூலுக்கு எண்ணெய் விடாதீர்கள், இன்னும் வழுக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், மெக்கானிக்கே திறக்கட்டும். நூல் செல்லும் வழியைப் படம் வரைந்துகொண்டு, இழுத்தால் நீளாத புது நூலை ஸ்பிரிங்குடன் விறைப்பாகக் கட்டி, தெரிந்த நிலையத்தின் எண்ணில் முள்ளைப் பொருத்தினால் போதும்.

அத்தை இப்போது பாட்டுக் கேட்பதில்லை. முள் நகருவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்!