சமூகவியல் ஆய்விதழ்களும் ஆயரின் பதிவேடும்

ஆசிய நாடுகளின் சமூக மாற்றத்தை ஆராயும் இதழ்கள் பல்கலைக்கழகத்தாருக்கே உரியவை என்று கருதுவது நம்மிடையே வழக்கமாயுள்ளது. வேத விளக்க நூல்களுக்கு அளிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையும் நாம் அவற்றிற்கு அளிப்பதில்லை. ஆயினும் அவ்விதழ்களில் நடைபெற்ற வாதங்கள் சில நம் சபைகளின் உயிர்நிலையைத் தொடுவன. அவற்றுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1957ஆம் ஆண்டில் லூயி துமோன் என்னும் பிரெஞ்சு அறிஞரும் டேவிட் போக்காக் என்பவரும் ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி’ என்ற இதழைத் தொடங்கினர். அதன் முதல் வரிசை 1966இல் முடிவுற்றது. 1967 முதல் டி. என். மதன் பொறுப்பில் டெல்லியிலிருந்து புதிய வரிசை வெளிவரலாயிற்று. சாதி என்பது செல்வத்தின் ஏற்றத்தாழ்வு மட்டுமன்று, தூய்மை, தீட்டு என்னும் எதிர்மையின்மேல் கட்டப்பட்ட வரிசை என்பது துமோனின் கொள்கை. இவர் மதுரைக்கு மேற்கேயுள்ள பிரமலைக் கள்ளரிடையே 1949, 1950ஆம் ஆண்டுகளில் தங்கி ஆராய்ந்தவர். அவ்வாராய்ச்சி நூல் 1957இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஆங்கிலத்திற்கு வந்ததோ 1986இல். தம்மைப் பற்றிய நூலை வாசிக்க அம்மக்களுள் ஆங்கிலம் கற்றோரும் 29 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. கிராமம் செய்தியைக் கொடுக்கிறது. அது திரும்பி வரும் வழி மிக நீண்டது.

துமோனின் கொள்கைக்கு மறுப்பும் அதே இதழில் இடம்பெற்றது. 1971இல் ஜெரால்டு பெரிமன், இது சாதியை மேலிருந்து நோக்கும் பிராமணப் பார்வையே என்று எழுதினார். கீழே நிறுத்தப்பட்டவனிடம் கேட்டால் அவன் இவ்வரிசையை அறம் என்று ஒப்புக்கொள்வதில்லை என்பது அம்மறுப்பின் சாரம்.

இவ்வாதம் நமக்குப் புதியதன்று. 1847இல் அமெரிக்க மதுரை மிஷனார், சாதியைத் துறந்ததற்கு அடையாளமாகச் சபை ஊழியர் ஒருங்கே அமர்ந்து உண்ண வேண்டுமென்று வற்புறுத்தியபோது, அநேகர் மறுத்து ஊழியத்தை விட்டு விலகினர். அவர்கள் விசுவாச அறிக்கையை மறுக்கவில்லை; பந்தியை மறுத்தனர். பிழைப்பையே இழக்கத் துணியும் அளவிற்கு ஒரு வேளை உணவு ஏன் பெரிதாயிற்று என்பதைத் துமோன் விளக்குகிறார். அப்பந்தியில் தள்ளிவைக்கப்பட்டவன் என்ன உணர்ந்தான் என்று கேட்கும்படி பெரிமன் நம்மைத் தூண்டுகிறார். தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் உள்ள சபைகளில் பணியாற்றும் ஆயருக்கு இவ்விரண்டும் தேவை. எனினும் இரண்டாவது கேள்வியையே முதலில் கேட்க வேண்டுமென்பது நம் கருத்து.

அதே 1957இல் பெங்களூரில், சமயத்தையும் சமுதாயத்தையும் ஆராயும் கிறிஸ்தவ நிறுவனம் பி. டி. தேவானந்தனை இயக்குநராகக் கொண்டு அமைந்தது. 1962இல் அவர் மறைந்தபின் எம். எம். தாமஸ் அப்பொறுப்பை ஏற்றார். ‘ரிலிஜன் அண்டு சொசைட்டி’ என்பது இந்நிறுவனத்தின் இதழ். விரைந்த சமூக மாற்றம் என்னும் பொருளை உலகத் திருச்சபைகள் மன்றம் 1950களின் நடுவிலிருந்து ஆராய்ந்து, 1959இல் தெசலோனிக்கேயில் மாநாடு கூட்டிய காலம் அது. மாற்றத்தை அஞ்சத்தக்க வெள்ளமாக மட்டும் காணாது, அதனுள் மனிதர் தேடும் மாண்பு யாது என்று வினவக் கற்பித்தவர் தாமஸ்.

இனி எரியோட்டிற்கு வருவோம். வேடசந்தூரை அடுத்த இவ்வறண்ட வட்டாரத்தில் மானாவாரி வேளாண்மையோடு நூற்பாலைகளும் மக்களின் பிழைப்பை நிர்ணயிக்கின்றன. மூன்றாண்டு ஒப்பந்தம், ஆலை விடுதி வாசம், இறுதியில் மொத்தத் தொகை என்ற முறையில் மணமாகாத பெண்களைத் தமிழக நூற்பாலைகள் பல வேலைக்கு அமர்த்தியதும், ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் பெற்ற அம்முறை கண்டனத்திற்குள்ளானதும் நாமறிந்தவையே. இத்தகைய பொருள்பற்றிய ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால், அதன் முடிவுரைக்கு விரையாமல், அப்பெண்களிடம் எங்கே கேட்டார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். விடுதியில் மேற்பார்வையாளர் அருகிருக்கச் சொன்ன விடையும், திருவிழா விடுமுறையில் தாயின் வீட்டுத் திண்ணையில் சொன்ன விடையும் ஒன்றாயிரா. எத்தனை பேரிடம், எந்த ஆண்டில், எந்தச் சாதித் தெருவில் என்பனவும் அவ்வாறே. சதவீதங்கள் பிறகு வரட்டும்.

அத்திண்ணையில் ஆயர் முன்னமே அமர்ந்திருக்கிறார். அவர் பெட்டியிலுள்ள விவாகப் பதிவேடு எந்த ஆய்வாளருக்கும் எளிதில் கிட்டாத ஏடு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி அதில் வயது, தொழில், வசிப்பிடம், தந்தையின் பெயர் ஆகியவற்றிற்குக் கட்டங்கள் உள்ளன. முப்பதாண்டுப் பதிவுகளைப் பெயர்களை நீக்கி வரிசைப்படுத்தினால், மணவயது உயர்ந்ததா, மணமக்கள் எவ்வூர்களிலிருந்து வந்தனர், விவசாயக் கூலி என்னும் சொல் எப்போது குறையத் தொடங்கியது என்பன புலப்படும். ஆனால் மணமகளின் தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிடும் பழக்கம் இருக்குமிடத்தில், அவள் ஆலையில் கழித்த மூன்றாண்டுகள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.