டீக்கடைப் பெஞ்சின் இலக்கணம்

தொலைக்காட்சித் தொடரில் நேற்றிரவு வந்த திருப்பம், அரசின் புதிய அறிவிப்பு, கொத்தனாரின் அன்றாடக் கூலி, ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்னும் விசாரணை ஆகிய நான்கும் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் பேசி முடிக்கப்படுவது தமிழகத்து டீக்கடைகளில் அன்றாடக் காட்சியாகும். இவ்வாறு போகிறபோக்கில் சொல்லப்படும் கருத்துகளை அரட்டை, வெட்டிப் பேச்சு, வம்பளப்பு, திண்ணைப் பேச்சு எனத் தமிழ் வழக்கு பல பெயர்களால் அழைத்தாலும், அவற்றுள் ஒன்றுகூட மதிப்பைக் குறிக்கும் பெயராக இல்லை. ஆயினும் அச்சிலோ திரையிலோ வந்த செய்தி ஒரு மனிதரின் சொந்தத் தீர்ப்பாக மாறுவது பெரும்பாலும் இந்த மதிப்பற்ற பேச்சின் வழியாகவே என்பதைச் சமூகவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஈரி மாவட்டத்தில், 1940ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் வாக்காளர்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்து, அவர்களுடைய முடிவு எப்போது, எதனால் உருவாகிறது என்று ஆராய்ந்தனர். வானொலியும் செய்தித்தாளும் வாக்காளரை நேரடியாக மாற்றும் என்னும் எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்துப்போக, அக்கம்பக்கத்தாரும் உடன் வேலை செய்வோரும் சொல்லும் சொல்லுக்கே கூடுதல் வலிமை இருப்பது தெரியவந்தது. செய்தி முதலில் ஊன்றிக் கவனிக்கும் சிலரை அடைந்து, பிறகு அவர்களுடைய பேச்சின் வழியே மற்றவர்களைச் சேர்கிறது என்னும் இக்கருத்து ‘இருபடி ஓட்டம்’ எனப்பட்டது. லாசர்ஸ்ஃபெல்டும் எலிஹு காட்ஸும் 1955இல் வெளியிட்ட நூல், டெக்கேட்டர் என்னும் ஊரில் ஏறத்தாழ 800 பெண்களிடம் கடைச் சாமான், உடை, திரைப்படம், பொது விவகாரம் ஆகிய நான்கைப் பற்றியும் கேட்டறிந்து எழுதப்பட்டதாகும். இவ்வாறு செய்தியைப் பிறருக்குக் கொண்டுசேர்க்கும் கருத்து வழிகாட்டிகள் பதவியிலோ செல்வத்திலோ உயர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை, எல்லாத் தரப்பிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்பது அதன் முக்கிய முடிவுகளுள் ஒன்று.

தமிழகத்தில் இந்த இரண்டாம் படிக்குப் பெஞ்சும் பாய்லரும் இடம் கொடுத்தன. காப்பி நடுத்தர வகுப்பின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்து நின்ற வரலாற்றை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியுள்ளார். உழைப்பாளிகளின் கடைக்கு ஏற்ற நாளிதழும் தோன்றியது. சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’ பேச்சு வழக்கை ஒட்டிய எளிய நடையில் செய்தி எழுதியதால், ஒருவர் உரக்கப் படித்தால் எழுத்தறியாதவரும் அதனைப் பின்தொடர முடிந்தது. கடைக்கு வரும் ஒரே பிரதி தாள் தாளாகப் பிரிந்து பல கைகளுக்குப் போனது. திராவிட இயக்கத்தின் இதழ்கள் படிப்பகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் இவ்வாறே பலர் கூடிக் கேட்கும்படி வாசிக்கப்பட்டன. படித்தவர் நிறுத்திய இடத்தில் கேட்டவர் தம் கருத்தைத் தொடங்கியதால், வாசிப்பும் விவாதமும் ஒரே செயலின் இரு பகுதிகளாக இருந்தன.

இத்தகைய பேச்சுக்கென்றே தமிழ்மொழி ஒரு கருவியையும் வைத்திருக்கிறது. ‘பஸ் கட்டணம் ஏறப்போகிறது’ என்று சொல்பவர் அந்தச் செய்திக்குத் தாமே பொறுப்பேற்கிறார். ‘ஏறப்போகிறதாம்’ என்று சொல்பவரோ, இது பிறர் வாய்க் கேட்டது, உண்மையா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று ஒரே அசையில் அறிவித்துவிடுகிறார். வினைமுற்றின் இறுதியில் வந்து ஒட்டும் இந்த ‘ஆம்’ பிறர் கூற்றைக் குறிக்கும் இடைச்சொல்லாகும். ‘போலிருக்கிறது’, ‘என்று பேசிக்கொள்கிறார்கள்’ ஆகிய தொடர்களும் இதை ஒத்த வேலையைச் செய்கின்றன. இவற்றைக் கொண்டு சொல்லப்படும் கருத்து, துணிக்கடையில் தோளில் போட்டுப் பார்க்கும் புடவையைப் போன்றது. எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் எவ்வித இழப்புமின்றி மடித்து வைத்துவிடலாம். அரட்டைக் கருத்தின் குறையாகச் சொல்லப்படும் உறுதியின்மைதான் உண்மையில் அதன் பயனும் ஆகும், ஏனெனில் திருத்திக்கொள்ள இடமுள்ள கருத்தையே மறுப்பு அசைக்க முடியும். வதந்தியைப் பொறுப்பேற்காமல் பரப்பவும் இந்த ‘ஆம்’ துணைபோகிறது என்பதும் உண்மையே. ஆனால் ‘யார் சொன்னது?’ என்று உடனே கேட்க ஒருவர் பெஞ்சில் இருக்கும்வரை அந்தத் தீங்குக்கு ஓர் எல்லை உண்டு.

இந்த அமைப்பின் செல்வாக்கை நாளிதழ்களும் அறிந்திருந்தன. ‘தினமலர்’ நாளிதழின் ‘டீக்கடை பெஞ்ச்’ பகுதியில் அந்தோணிசாமி, குப்பண்ணா, அன்வர்பாய் போன்ற கற்பனை மாந்தர்கள் கூடி அமர்ந்து அரசியல் செய்திகளைக் கேள்விப்பட்ட பேச்சாகப் பரிமாறிக்கொள்கிறார்கள். மானிடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி 2011இல் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ஆராய்ந்த இவ்வடிவம், கடையில் வாசிக்கப்படும் தாளுக்குள்ளேயே அந்தக் கடையின் பேச்சைக் கொண்டுவந்து வைத்தது.

தொலைக்காட்சி இந்த ஏற்பாட்டை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபின் பல ஆண்டுகள் வரை, பெட்டி இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியதால் பார்ப்பதும் பேசுவதும் சேர்ந்தே நடந்தன. 1993இல் சன் டிவி வந்து, 2006 தேர்தல் வாக்குறுதியின்படி அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஏழை வீடுகளையும் அடைந்தபோது, கூட்டமாகப் பார்த்தவர்கள் அவரவர் வீட்டுக்குள் சென்றனர். மறுபுறம், இயக்குநர் விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’, விஜய் டிவியின் ‘நீயா நானா’ போன்ற நிகழ்ச்சிகள் சாதாரண மனிதர்களின் கருத்துக்கு மேடை அளித்தன. இழிபெயராக இருந்த ‘அரட்டை’ ஒரு நிகழ்ச்சியின் தலைப்பாகவே உயர்ந்தது. எனினும் நேர வரம்பும் படத்தொகுப்பும் எதிரெதிர் அணிகளும் உள்ள அரங்கில் ‘ஆம்’ என்று இழுத்துப் பேசுவோருக்கு இடம் குறைவு. அணி பிரிந்து அமர்ந்தவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டால் அது தோல்வியாகத் தெரியும்.

பெஞ்சைப் பற்றிய இந்தப் புகழ்ச்சிக்கும் ஓர் எல்லை இருக்கிறது, ஏனெனில் அது ஒருபோதும் எல்லாருக்கும் உரிய இருக்கையாக இருந்ததில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் பல ஊர்களில் நீடித்த இரட்டைக் குவளை முறை, தலித் மக்களுக்குத் தனிக் குவளையை ஒதுக்கி, பெஞ்சில் அமரும் உரிமையையும் மறுத்தது. பெண்களும் அந்தப் பெஞ்சில் பெரும்பாலும் அமர்ந்ததில்லை. குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் நடவு வயலிலும் அவர்கள் விலைவாசியையும் கூலியையும் தொடர் நாயகியின் முடிவையும் சேர்த்தே எடைபோட்டனர். ஆண்கள் பேசியபோது அரசியல் எனப்பட்டது, பெண்கள் பேசியபோது வம்பு எனப்பட்டது. தம் கருத்து சிறுபான்மையானது என்று உணர்பவர் ஒதுக்கப்படுவோம் என்னும் அச்சத்தால் வாயடைத்துப்போக, அந்த மௌனமே எதிர்க்கருத்தை மேலும் பெரிதாகக் காட்டுகிறது என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் ‘மௌனச் சுழல்’ என்று விளக்கினார். ஊரின் கருத்தாகப் பெஞ்சில் ஒலித்தது, உட்கார இடம் கிடைத்தவர்களின் கருத்தாகவே பல நேரங்களில் இருந்திருக்கிறது.

‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்னும் பலகை இன்றும் பல கடைகளின் சுவரில் தொங்குகிறது. பேச்சு கைகலப்பாகி வியாபாரம் கெடும் என்ற கடைக்காரரின் கவலை நியாயமானதே என்றாலும், அந்தப் பலகையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பதும் எல்லாரும் அறிந்ததே. சொன்னதைத் திரும்பப் பெறும் வசதியும், கேட்பவர் மறுத்துச் சொல்லும் உரிமையும் இருக்கும் இடத்தில்தான் செய்தி கருத்தாகப் பக்குவப்படுகிறது. முதலாவது தமிழின் இலக்கணத்திலேயே கிடைத்துவிட்டது. இரண்டாவது கிடைக்க, இதுவரை வெளியே நின்றவர்களுக்கு அந்தப் பெஞ்சில் இடம்விட வேண்டியிருக்கிறது.