ஏழு அங்குலத்துக்குள் ஒரு ஃபியூஸ்

படகிலுள்ள 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றும் ஆகாது. அதே முனைகளின் குறுக்கே ஸ்பானர் விழுந்தால், கண் இமைக்கும் நேரத்தில் பழுக்கக் காய்ந்து முனையோடு ஒட்டிக்கொள்ளும். 'வெறும் 12 வோல்ட்டுதானே' என்ற அலட்சியம் இதை மறந்துவிடுகிறது.

கணக்கு எளியது. லித்தியம் பேட்டரியும் தடித்த கேபிளும் சேர்ந்து மின்தடை 2 மில்லி ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஷார்ட் ஆனால் 6,000 ஆம்பியர் பாயும். வீட்டில் ஏசிக்குப் போடும் ஃபியூஸ் 16 அல்லது 20 ஆம்பியர்.

படகில் ஷார்ட் ஆவதற்குச் சாக்கு தேட வேண்டியதில்லை. எஞ்சின் அதிர்வில் கேபிள் ஏதாவது ஒரு விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். மேலுறை தேய்ந்து செம்பு எஞ்சினைத் தொட்டால் போதும். பெரும்பாலான படகுகளில் நெகடிவ் இணைந்திருப்பது எஞ்சின் உடம்போடுதான்.

ஃபியூஸ் கருவியைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. கேபிளின் மறுகோடியில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் போட்டால், நடுவில் நேரும் ஷார்ட்டுக்கு அது வெறும் அலங்காரம். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி, மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் வேண்டும் என்கிறது. பேட்டரி முனையிலிருந்து வரும் கேபிள் குழாய்க்குள்ளோ உறைக்குள்ளோ போனால் 72 அங்குலம் வரை சலுகை உண்டு.

அளவு என்ன? 3,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் இழுப்பது 250 ஆம்பியர். இழப்பையும் சேர்த்தால் 300-ஐ நெருங்கும். ஃபியூஸ் அதற்கு மேலே, கேபிள் தாங்கும் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும்.

கடைக்காரரும் வாங்குபவரும் பார்க்காத இன்னொரு எண் இருக்கிறது: அதிகபட்சம் எத்தனை ஆம்பியரை அந்த ஃபியூஸால் அறுக்க முடியும் என்பது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. பேட்டரி மின்சாரத்துக்கு அந்தப் பூஜ்யக் கணமே இல்லை. ஃபியூஸ் உருகிய பிறகும் இடைவெளியைத் தாண்டி மின்வில் எரியும். திறன் குறைந்த ஃபியூஸ் வெடித்துச் சிதறும். பட்டையாக இருக்கும் ஏஎன்எல் ஃபியூஸின் அறுக்கும் திறன் வழக்கமாக 6,000 ஆம்பியர். கிளாஸ் டி ஃபியூஸுக்கு 20,000. அதனுள்ளே நிரப்பிய மணல் உருகிக் கண்ணாடியாகி மின்வில்லை அணைக்கிறது. லித்தியம் பேட்டரிக்கு, விலை கூடினாலும், நான் இதையே சொல்வேன். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு மின்சுற்று பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அதில் மின்னணு சுவிட்சுகளாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டுகள் பழுதாகும்போது, மின்சாரத்தை அறுக்காமல் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடுவதுண்டு.

ஸ்டார்ட்டர் மோட்டார் கேபிளுக்கு மட்டும் ஏபிஒய்சி ஃபியூஸ் விதியிலிருந்து விலக்கு தருகிறது. டீசல் எஞ்சின் கிளப்பும்போது பல நூறு ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் போய்விட்டால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். நம் விசைப்படகுகளுக்கும் இந்தச் சிக்கல் பொருந்தும். ஃபியூஸ் இல்லாத இந்தக் கேபிளுக்கு உறை, கிளாம்ப், முனைக்கு ரப்பர் மூடி, எட்டும் தூரத்தில் பேட்டரி சுவிட்ச் என்று ஷார்ட் ஆகாமல் காப்பதே வழி.

பேட்டரியைக் கழற்றும்போது நெகடிவை முதலில் எடுக்க வேண்டும். பிறகு பாசிடிவ் நட்டைத் திருகும் ஸ்பானர் எஞ்சினில் இடித்தாலும் சுற்று முழுமையாகாது.