வெட்டிய வரியா, ஒட்டிய வரியா?

பிளேன்ரீ ஆறட்டும். அதற்குள் இரண்டு புத்தகங்களை விரிப்போம்: வீட்டிலிருக்கும் பழைய பரிசுத்த வேதாகமம், 1995இல் வந்த திருவிவிலியம். இரண்டிலும் யோவானின் முதல் நிருபம், 5ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். பரலோகத்தில் சாட்சியிடும் மூவரும் ஒன்று என்ற வரி பழையதில் உண்டு, புதியதில் இல்லை. 'வெட்டிப்போட்டாங்கள்' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தென்மராட்சியில் பனையோலைக்குக் குறைவில்லை, ஆகவே ஏட்டிலிருந்து தொடங்குவோம். செல்லரிக்குமுன் ஏட்டைப் படியெடுக்க வேண்டும். ஓரத்தில் யாரோ எழுதிவைத்த விளக்கத்தை, படியெடுப்பவர் மூலமென்று எண்ணி உள்ளே சேர்த்துவிடுவதுண்டு. கள்ளமில்லை, கவனப்பிசகுதான். இதுவும் இடைச்செருகலே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டபோது பட்ட பாடு, ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் இந்தப் பாடுதான்.

நம் வரிக்கும் அதே கதை. லத்தீன் பிரதிகளில் பரவியிருந்த அது பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸ் 1516இல் கிரேக்க மூலத்தை அச்சிட்டபோது அதை விட்டுவிட்டார், கண்டனம் எழுந்தது, 1522இல் சேர்த்தார். அந்த அச்சுமரபு வழியே தமிழுக்கும் வந்தது. ஆக, புதிய புத்தகத்தில் இருப்பதுதான் பழைய பாடம்! மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும்கூட 4ஆம் நூற்றாண்டின் முக்கியப் பிரதிகளில் இல்லை. அந்தப் பெண்ணை இழக்க எனக்கு மனமில்லை. சபைகளும் அவளைக் கைவிடவில்லை.

முஸ்லிம் நண்பர் ஒருவர் இதைக் கேட்டால், "இதைத்தானே தஹ்ரீப் என்கிறோம்" என்பார். தஹ்ரீப் என்றால் திரித்தல். முந்தைய வேதங்களில் சொல்லே மாறியது என்றார் 11ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு ஹஸ்ம். சொல் அப்படியே இருக்கிறது, பொருளைத்தான் திரித்தார்கள் என்றவர்களும் உண்டு.

இஸ்லாத்தில் குர்ஆன் சொல்லுக்குச் சொல் இறைவனுடையது. நபிகள் 632இல் மறைந்தார். 650 அளவில் கலீபா உஸ்மான் ஒரே எழுத்துப் பிரதியை நிலைப்படுத்தினார். முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ்கள் இன்னொரு காவல். தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்பு மட்டுமே, தொழுகையில் அரபுதான்.

கிறிஸ்தவருக்கோ வேதம் கடவுள் ஏவ, மனிதர் எழுதியது. படியெடுத்தவரின் பிசகு அந்த நம்பிக்கையை அசைப்பதில்லை. மொழிபெயர்த்தாலும் அது வேதமே. அதனால்தான் பெர்சிவல் பாதிரியாரோடு சைவரான ஆறுமுக நாவலர் உட்கார்ந்து செப்பனிட்ட தமிழை, 1850இல் வேதாகமமாகவே அச்சிட முடிந்தது.