காப்பி வறுவலின் பதம்

காப்பிச் செலவு நம் இல்லங்களின் மாதக் கணக்கில் கவனிக்கத்தக்க இடத்தைப் பெற்றுவிட்டது. பிரேசில், வியத்நாம் ஆகிய நாடுகளில் மழை பொய்த்து விளைச்சல் குறைந்ததன் பயனாக, 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உலகச் சந்தையில் அரபிகாக் கொட்டையின் விலை அதற்கு முன் கண்டிராத உயரத்திற்குச் சென்றது. நம் நாட்டில் விளையும் கொட்டையும் உலக விலையை ஒட்டியே விற்கப்படுவதால், அந்த ஏற்றம் தாம்பரம் கடைத்தெரு வரையில் வந்து சேர்ந்தது. இந்நிலையில், கொடுக்கும் பணத்திற்கு உரிய ருசி கிடைக்கின்றதா என்று அங்கத்தினர்கள் வினவுவது நியாயமேயாகும். அவ்வினாவிற்கு விடை கொட்டையில் பாதியும் வறுவலில் பாதியும் இருக்கின்றது. கொட்டையைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். வறுவலைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ வறுத்து அரைத்துக் கொடுக்கும் காப்பிக் கடை ஒன்றில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி இருபது" என்று கேட்போர் உண்டு. பொடி நைசாக இருக்கவேண்டுமா, சற்றுக் கொரகொரப்பாக இருக்கவேண்டுமா என்று சொல்வோரும் உண்டு. வறுவல் எந்தப் பதத்தில் வேண்டும் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. "நன்றாக ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று கூறி நிறுத்திவிடுகின்றனர். கடைக்காரரும் கறுத்த கொட்டையை எடுத்து அரைத்துக் கொடுத்துவிடுகிறார். கறுப்பே வலிமை என்னும் எண்ணம் வாங்குவோரிடமும் விற்போரிடமும் ஒருங்கே வேரூன்றியிருக்கின்றது. அவ்வெண்ணம் தவறானது. அதனால் நம் பணம் வீணாகின்றது.

பச்சைக் காப்பிக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பாகம் ஈரம் உண்டு. அதனை வாயிலிட்டு மென்றால் புல்லும் பச்சைப் பயறும் கலந்த ஒரு சுவையே தோன்றும். காப்பியின் மணம் சிறிதும் இராது. உருளையிலிட்டுச் சூடேற்றும்பொழுது முதலில் ஈரம் வெளியேறிக் கொட்டை மஞ்சள் நிறம் பெறுகின்றது. ஏறத்தாழ 150 பாகை செண்டிகிரேடைத் தாண்டியபின், கொட்டையிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து மாறத் தொடங்குகின்றன. ரொட்டியின் மேற்பகுதி சிவப்பதும் நெய்யில் பருப்பு சிவப்பதும் இதே மாறுதலினாலேயே. நிறமும் மணமும் அப்பொழுதுதான் பிறக்கின்றன. வெப்பம் 200 பாகையை நெருங்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட நீராவி அதன் சுவரைப் பிளந்துகொண்டு வெளிவருகின்றது. சோளம் பொரிவதுபோன்ற சடசட ஓசை எழும். இதனை முதல் வெடிப்பு என்று கூறலாம். மேலும் சூடேற்றினால் ஏறத்தாழ 225 பாகையில் இரண்டாம் வெடிப்பு நிகழும். அதன் ஓசை மெலிந்தது. காய்ந்த சுள்ளி முறிவது போன்றது.

முதல் வெடிப்பு முடிந்தவுடன் இறக்கினால் அது இளவறுவல். இரு வெடிப்புகளுக்கும் இடையில் இறக்கினால் நடுவறுவல். இரண்டாம் வெடிப்பைத் தொட்டோ கடந்தோ இறக்கினால் முதிர்வறுவல். பாகு காய்ச்சுவோர் கம்பிப் பதத்திற்கும் உருண்டைப் பதத்திற்கும் இடையே சில நொடிகளே இருப்பதை அறிவர். காப்பி வறுப்பவரின் நிலையும் அதுவே. பத்துப் பதினைந்து நிமிட வேலையில் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களே ருசியைத் தீர்மானிக்கின்றன.

இளவறுவலில் கொட்டை பிறந்த மண்ணின் குணம் மிகுதியாக வெளிப்படும். எலுமிச்சை அல்லது மாதுளையை நினைவூட்டும் ஒரு புளிப்பும், பூவின் மணமும் சில கொட்டைகளில் தெரியும். ஆனால் குடிக்கும்பொழுது கனம் குறைவாக இருக்கும். நடுவறுவலில் புளிப்புத் தணிந்து, சர்க்கரை கருகியதன் இனிப்பும், வறுத்த வேர்க்கடலை போன்ற மணமும் மேலோங்கும். முதிர்வறுவலில் புளிப்பு ஏறத்தாழ மறைந்துபோகும்; கசப்பும் புகைச்சுவையும் தலைமை பெறும்; கொட்டையின் மேல் எண்ணெய் பளபளக்கும். அந்நிலையில் ஏற்காட்டுக் கொட்டையையும் குடகுக் கொட்டையையும் நாவால் பிரித்தறிவது எளிதன்று. சுவைப்பது பெரும்பாலும் வறுவலையே; கொட்டையை அன்று.

இனி வலிமையைப் பற்றிப் பார்ப்போம். தூக்கத்தைக் கலைக்கும் காஃபீன் வறுவலினால் மிகுதியாக அழிவதில்லை. அரபிகாவில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 1.2 பாகமும், ரோபஸ்டாவில் 2.2 பாகமும் இருக்கின்றது. வேண்டுபவர் சிறிது ரோபஸ்டா கலந்துகொண்டால் அவ்வலிமை கிடைத்துவிடும். அதற்காகக் கொட்டையைக் கரிக்க வேண்டியதில்லை. மேலும், முதிர வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்துவிடுவதால், ஒரு கரண்டி கறுத்த பொடியில் இளம் பொடியைவிடக் குறைவான காப்பியே இருக்கின்றது. கரண்டியால் அளப்பவர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

நெசவுத் தொழிலில் உள்ள அங்கத்தினர்களுக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். வெளிர் நிறச் சாயம் ஏற்றவேண்டுமானால் நூலை நன்றாக வெளுத்தாகவேண்டும். சிறு கறையும் பழுப்பும் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு ஏற்றுவதானால் அவ்வளவு சிரத்தை வேண்டுவதில்லை. அரைகுறையாக வெளுத்த நூலையும் கறுப்பு மறைத்துவிடும். முதிர்வறுவல் கொட்டைக்குச் செய்வதும் இதுவே. பழைய கொட்டை, உடைந்த கொட்டை, சரியாகக் காயாத கொட்டை ஆகியவற்றின் குறைகள் கசப்புக்குள் அடங்கிவிடுகின்றன. கறுக்க வறுப்பவர் யாவரும் மட்டமான கொட்டையை விற்கின்றனர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மட்டமான கொட்டையை விற்க விரும்புபவர் கறுக்க வறுப்பார் என்பது வெளிப்படை.

நாம் கொட்டையின் ஊரைக் கேட்காமல் தரப்பெயரை மட்டும் கேட்கும் பழக்கத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. 1940-களிலிருந்து காப்பி வாரியம் தோட்டக்காரர்களின் விளைச்சலைப் பொதுக் குவியலாகப் பெற்று, தரம் பிரித்து விற்றுவந்தது. சேர்வராயன் மலைக் கொட்டையும் பழனி மலைக் கொட்டையும் அக்குவியலில் பெயரிழந்து, பிளாண்டேஷன் என்றும் பீபெரி என்றும் மட்டுமே கடைக்கு வந்தன. 1990-களில் அம்முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் தோட்டக்காரர் அனைவரும் தம் விளைச்சல் முழுவதையும் தாமே விற்கும் உரிமை பெற்றனர். நன்றாகப் பழம் பறித்துக் கழுவிக் காயவைக்கும் சிறு தோட்டக்காரரின் உழைப்பு நம் தம்ளர் வரையில் வந்து சேரவேண்டுமானால், அதனைக் கரித்துவிடாத வறுவல் வேண்டும். விளைவிப்போரும் அங்கத்தினராக உள்ள சங்கத்தில் இதனை வற்புறுத்தத் தேவையில்லை.

கணக்கும் ஒன்று உண்டு. ஒரு கிலோ பச்சைக் கொட்டையை இளவறுவலாக வறுத்தால் ஏறத்தாழ 870 கிராம் மிஞ்சும். முதிர்வறுவலாக வறுத்தால் 800 கிராம் அளவே மிஞ்சும். ஆகவே ஒரு கிலோ வறுத்த காப்பிக்கு முன்னதில் 1.15 கிலோ பச்சைக் கொட்டையும், பின்னதில் 1.25 கிலோவும் வேண்டும். ஒரே தரமான கொட்டை என்றால் கறுத்த பொடியின் விலை சிறிது கூடுதலாக இருப்பதே முறை. அது குறைந்த விலைக்குக் கிடைக்கிறதெனில், உள்ளே இருக்கும் கொட்டை யாது, சிக்கரி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குக.

அப்படியானால் இளவறுவலே சிறந்தது என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. நாம் பால் ஊற்றிக் குடிப்பவர்கள். பாலிலுள்ள புரதம் காப்பியின் கசப்பையும் துவர்ப்பையும் தன்னோடு பிணைத்துக்கொண்டு அடக்கிவிடுகின்றது. கொழுப்பு நாவை மெழுகிவிடுகின்றது. இளவறுவலின் நுண்ணிய மணங்கள் இதனைத் தாங்கமாட்டா. புளிப்பு மட்டும் எஞ்சி, பால் கெட்டுவிட்டதோ என்ற ஐயத்தை உண்டாக்கும். சற்றே பழைய பாலாயின் திரிந்துபோதலும் உண்டு. நம் முன்னோர் வீட்டிலேயே கைச்சுற்று உருளையில் வறுத்த காலத்தில் நடுப்பதத்திற்குச் சற்று மேலே நிறுத்தியதற்கு இதுவே தக்க காரணமாகும். இத்தாலியின் தென்பகுதியில் கறுக்க வறுப்பதும், வடஐரோப்பிய நாடுகளில் இளம்பதத்தில் வறுத்துப் பாலின்றிக் குடிப்பதும் அவரவர் குடிக்கும் முறையை ஒட்டியனவே. சென்னையில் அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள புதிய காப்பிக் கடைகளில் இளவறுவலை வடிதாளில் வடித்துப் பாலின்றிக் கொடுக்கின்றனர். அதனை அப்படியே பருகின் அருமையாக இருக்கும். அதே பொடியை வீட்டிற்கு வாங்கிவந்து பாலில் கலந்துவிட்டுக் குறை கூறுதல் நியாயமன்று.

சிக்கரியை மறந்துவிடலாகாது. அது ஒரு செடியின் கிழங்கு. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகின்றது. அதில் காஃபீன் இல்லை. நீரில் காப்பியைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு கரைவதால், டிகாக்ஷனுக்குக் கறுப்பும் கனமும் ஒருவித இனிப்புக் கசப்பும் தருகின்றது. கலவைப் பொடியில் காப்பி நூற்றுக்கு 51 பாகத்திற்குக் குறையலாகாது என்பதும், சிக்கரியின் பங்கினைப் பொட்டலத்தின் மேல் அச்சிடவேண்டும் என்பதும் சட்டம். ஆகவே டிகாக்ஷனின் நிறத்தைக் கொண்டு வறுவலை மதிப்பிட முயல வேண்டா. சிக்கரி சேர்ப்பவர் நடுவறுவலையே தேர்ந்துகொள்ளுதல் நன்று. கறுத்த காப்பியோடு கறுத்த சிக்கரியும் சேர்ந்தால் மருந்துக் கஷாயமாகிவிடும். (பெருங்களத்தூரிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை முழுவதும் பித்தளை டவராவுடன் வரிசையாகக் காணப்படும் டிகிரி காப்பிக் கடைகளின் 'டிகிரி' பால்மானியின் பாகையைக் குறிப்பது என்பர் ஒரு சாரார், சிக்கரியின் திரிபு என்பர் மற்றொரு சாரார். இரண்டாவது கட்சியில் சேரத் தூண்டும் காப்பியும் அச்சாலையில் கிடைப்பதுண்டு.)

தென்புறநகர்வாசிகள் கருதவேண்டிய வேறிரண்டு செய்திகள் உள. முதலாவது நீர். சேலையூர், மேடவாக்கம் முதலிய பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே நம்பியுள்ள வீடுகள் பல. உப்பும் சுண்ணமும் மிகுந்த நீர் காப்பியின் புளிப்பை அடக்கி, ருசியை மந்தமாக்கிவிடுகின்றது. அத்தகைய நீரில் உயர்ந்த இளவறுவலை இறக்குவது பணத்தை நீரில் விடுவதேயாகும். நடுவறுவல் அதனை ஓரளவு தாங்கும். குடிநீரைத் தனியே பெறுவோர் காப்பிக்கும் அந்நீரையே பயன்படுத்துக. இரண்டாவது நேரம். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றுமுதல் இவ்வூர்களில் விடியற்கால வண்டியைப் பிடிப்போருக்குக் குறைவில்லை. அவர்களுள் இரவே டிகாக்ஷன் இறக்கி வைப்பவர்களுக்கு இளவறுவல் ஒவ்வாது. இரவு முழுவதும் நின்றால் அதன் மணம் போய்ப் புளிப்பே மிஞ்சும். நடுவறுவலுக்குச் சற்று மேற்பட்ட பதமே அவர்களுக்கு உகந்தது.

பில்டரைப் பற்றியும் ஒரு சொல். முதிர்ந்த கொட்டை எளிதில் நொறுங்குவதாகையால் அரைக்கும்பொழுது மாவு போன்ற தூள் மிகுந்து, பில்டரின் கண்களை அடைத்துவிடும். அதனை வாங்குவோர் சற்றுக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லவேண்டும். பீபெரி உருண்டையானது, தட்டைக் கொட்டையைப்போல் வேகாது. ரோபஸ்டாவின் பதமும் வேறு. ஆதலின் தனித்தனியே வறுத்துப் பின்னர்க் கலப்பவரிடம் வாங்குதலே நலம். கடைக்காரரிடம் இதனைக் கேட்டால் அவர் தொழில் அறிந்தவரா என்பதும் தெரிந்துவிடும்.

தம் வீட்டிற்கு ஏற்ற பதத்தை அறிய விரும்புவோர், ஒரே கொட்டையை மூன்று பதத்தில் 50 கிராம் வீதம், சிக்கரியின்றி வாங்குக. ஒவ்வொன்றிலும் 20 கிராம் நிறுத்தெடுத்து, 120 மில்லிலிட்டர் கொதிநீர் வார்த்து இறக்குக. முதலில் பாலின்றி ஒரு வாய். பிறகு வழக்கமான அளவு பாலுடன் ஒரு வாய். பாலின்றிப் பிடித்தது ஒன்றாகவும் பாலுடன் பிடித்தது வேறாகவும் இருக்கும். அன்றாடம் பாலுடன் குடிப்பவர் இரண்டாவதையே வாங்கவேண்டும்.

கொட்டையை விரும்பிய பதத்தில் வறுத்து வாங்குவது தனி வீட்டாருக்கு அரிது. கால் கிலோவிற்காக எவரும் உருளையைச் சூடேற்றமாட்டார். இருபது குடும்பங்கள் வாரம் கால் கிலோ வீதம் சேர்ந்தால் ஐந்து கிலோ ஆகிறது. ஒரு சிறு உருளைக்கு அது போதுமான அளவு. காப்பி கூட்டுறவுக்குப் புதிய சரக்கும் அன்று. காப்பி வாரியத்தின் காப்பி ஹவுஸ்கள் மூடப்பட்டபொழுது, 1957-இல் ஏ. கே. கோபாலன் முதலியோர் துணையுடன் ஊழியர்களே சங்கங்கள் அமைத்து அவற்றை ஏற்று நடத்தலாயினர். பண்டகசாலை வைத்துள்ள சங்கங்கள் அங்கத்தினரின் தேவையை முன்கூட்டிக் கேட்டு, நடுவறுவல் ஒன்றும் அதற்கு மேற்பட்டது ஒன்றுமாக, வாரத்தில் ஒரு நாள் குறித்து வறுக்கச் செய்யலாம். பொட்டலத்தின் மேல் வறுத்த தேதியும், பதமும், கொட்டை விளைந்த மலையும், சிக்கரியின் பங்கும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

வறுத்த கொட்டை சில நாட்கள் வரையில் கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டிருக்கும். ஆதலால் வறுத்த அன்றே அரைக்காமல் இரண்டு மூன்று நாள் விட்டு அரைப்பது நல்லது. அரைத்த பொடியின் மணம் இரண்டு வாரத்திற்கு மேல் நில்லாது. முதிர்வறுவல் இன்னும் விரைவில் சிக்கெடுக்கும், எண்ணெய் வெளியே வந்துவிட்டமையால். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் காற்றின் ஈரத்தைப் பொடி உறிஞ்சிவிடும். அம்மாதங்களில் வழக்கத்தினும் குறைவாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் ஈரமற்ற கரண்டியிட்டு வைக்கவேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்து அடிக்கடி திறந்து மூடினால் உள்ளே நீர் கோத்துவிடும்.